கணவாயின் தோலும் நம் பிள்ளைகளின் கைகளும்

ஏக இறைவனின் திருப்பெயரால்...

மக்தப் பிள்ளைகள் அண்மைக்காலமாக நம்மிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று கைபேசிக் காணொளிகளிலிருந்து பிறந்தது. ரப்பர் தாள் ஒன்று தட்டையாகக் கிடக்கிறது. சில நொடிகளில் அது கூழாங்கற்கள் பரவிய ஆற்றுப்படுகையைப்போல மேடும் பள்ளமுமாக எழும்புகிறது. பிறகு மறுபடியும் தட்டையாகிறது. கடலில் வாழும் கணவாயின் தோலைப் பார்த்து மனிதன் செய்த செயற்கைத் தோல் இது என்கிறது காணொளி. "உஸ்தாத், இப்படிச் செய்வது கூடுமா?" என்று கேட்கின்றனர் பிள்ளைகள்.

பெரியவர்களிடம் இதற்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக உள்ளன. "இவை யாவும் நம் வேதத்தில் முன்பே சொல்லப்பட்டுவிட்டன" என்று ஒரு சாரார் பெருமிதத்துடன் முடித்துவிடுகின்றனர். "அல்லாஹ்வின் படைப்பில் கை வைக்கும் வேலை, இறுதிக்காலக் குழப்பம்" என்று மற்றொரு சாரார் அச்சத்துடன் முடித்துவிடுகின்றனர். இரண்டும் எதிரெதிர் விடைகளாகத் தோன்றினாலும் விளைவு ஒன்றே. பிள்ளை அடுத்த காணொளிக்குச் சென்றுவிடுகிறது. கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என நீளும் இத்தொழில் வட்டாரத்தில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி அவ்வாறு நின்றுவிடலாகாது. இங்கு நம் குடும்பங்களில் பெரும்பாலானவை கையால் உழைத்துப் பிழைப்பவை. பொருள்களைத் தொட்டு, பிடித்து, அழுத்தி, பொருத்தும் வேலையே நம் பிள்ளைகளில் பலருக்குக் காத்திருக்கிறது. தோலைப் பற்றிய இந்த அறிவு நாளை அந்தக் கைகளின் வேலையையும் நலனையும் தொடப்போகிறது. ஆகவே, இதைக் கண்டு வியந்து நிற்காமல் கற்றுக்கொள்ளவும், எதற்காகக் கற்கிறோம் என்பதைத் தெளிந்துகொள்ளவும் நம் பிள்ளைகளைப் பழக்குவது நம் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தோலுக்குள் இருப்பது என்ன?

நம் கடலோர மக்கள் கணவாயை வகை பிரித்து அழைக்கின்றனர்: ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், எட்டுக் கரங்களுடைய பேய்க்கணவாய். எலும்புக்கூடு இல்லாத மென்மையான உடல் இவற்றுடையது. எதிரி நெருங்கினால் இவற்றுக்குப் பாதுகாப்பு தோலே. அத்தோலில் நிறமி நிரம்பிய நுண்பைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு பையையும் சுற்றிலும் சிறுதசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. மூளையிலிருந்து கட்டளை வந்ததும் தசைகள் சுருங்குகின்றன, பை விரிகிறது, நிறம் வெளிப்படுகிறது. இவை யாவும் கண்ணிமைக்கும் பொழுதில் நிகழ்ந்துவிடுகின்றன.

நிறத்தோடு வடிவமும் மாறுகிறது. வேறு சில தசைகள் தோலை உள்ளிருந்து மேலே தள்ளி முட்களாகவும் முகடுகளாகவும் எழுப்புகின்றன. வழவழப்பான உடல் சில நொடிகளில் பாசி படர்ந்த பாறையாகத் தெரிகிறது. ஓட்டுக் கணவாயைப் பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வொன்று இன்னொரு நுட்பத்தையும் காட்டியது. எழுப்பிய முகடுகளை, நரம்பின் கட்டளை நின்றபின்னும் நீண்ட நேரம் அவ்வாறே வைத்திருக்க அதனால் இயலும். பூட்டிய கதவைப் பிடித்துக்கொண்டே நிற்கத் தேவையில்லை அல்லவா? அதைப்போல வலிமையைச் செலவிடாமல் உருவத்தைத் தக்கவைக்கும் ஏற்பாடு அது. இத்தனை வண்ணம் காட்டும் இவ்வினத்தின் பெரும்பாலான உயிர்களின் கண்ணில் ஒளியை உணரும் நிறமி ஒரேயொரு வகைதான் உண்டு. நாம் பிரித்தறிவதைப்போல நிறங்களைப் பிரித்தறியும் அமைப்பு அவற்றுக்கு இல்லை. படைத்தவனின் அத்தாட்சிகளைச் சிந்திப்போருக்கு இதில் சிந்திக்க நிறைய உண்டு.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர், கணவாய்களை நெடுங்காலமாக ஆராய்ந்த ரோஜர் ஹான்லன் என்னும் கடல் உயிரியலாளருடன் சேர்ந்து, 2017ஆம் ஆண்டு இந்தத் தோலின் வடிவமாற்றத்தை ரப்பரில் செய்து காட்டினர். அதன் சூட்சுமம் எளியது. இழுபடும் சிலிக்கோன் ரப்பருக்குள், இழுபடாத வலைநாரை வளையங்களாகப் பதித்தனர். உள்ளே காற்றைச் செலுத்தினால் வலை இல்லாத இடம் உப்புகிறது; வலை உள்ள இடம் அடங்குகிறது. வளையங்களை எங்கே, எவ்வளவு நெருக்கமாகப் பதிப்பது என்பதை முன்கூட்டியே கணக்கிட்டால், விரும்பிய உருவம் எழும்பும். கற்குவியலைப்போலவும், சதைப்பற்றுள்ள இலைச்செடியைப்போலவும் அவர்கள் அதை எழுப்பினர்.

இந்தச் சூட்சுமத்தை நம் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஒரு பலூனின்மேல் ஆங்காங்கே செல்லோடேப் துண்டுகளை ஒட்டி ஊதச் சொல்லுங்கள். ஒட்டிய இடம் அடங்க, ஒட்டாத இடம் புடைத்து, பலூன் விந்தையான உருவங்களை எடுக்கும். பத்து ரூபாய்ச் செலவில் ஓர் ஆய்வுக்கூடம்.

கணவாய்க்கு முன்பே வேறொரு கடலுயிர் வழிகாட்டியிருந்தது. கடல் அட்டையைத் தொட்டால் அதன் மென்மையான தோல் விறைத்துக் கெட்டியாகிவிடும். கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தினர் அந்தத் தோலைப் பின்பற்றி, 2008ஆம் ஆண்டு ஒரு புதுப்பொருளை உருவாக்கினர். ரப்பர் போன்ற ஒன்றில் நுண்ணிய செல்லுலோஸ் இழைகளைக் கலந்தனர். உலர்ந்த நிலையில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் பொருள் கெட்டியாக நிற்கிறது. நீர் பட்டால் பிடி தளர்ந்து மென்மையாகிறது. மூளையில் பொருத்தும் மின்முனைகளுக்கு இது உதவும் என்பது அவர்களின் எண்ணம். நுழையும்போது ஊசிபோல் விறைப்பாக இருக்கவேண்டும். நுழைந்தபின் மூளையின் மென்மைக்கு ஊறு செய்யாமல் இளகிவிடவேண்டும்.

கடல் நம்முடையது, படிப்பு யாருடையது?

ஓசூரிலிருந்து பார்த்தால் கடல் தொலைவானது. ஆயினும் இந்த உயிர்கள் தமிழகத்துக்குப் புதியவை அல்ல. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கணவாயும் கடல் அட்டையும் வாழ்கின்றன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டு, 1971இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அந்நிலையத்தினர் 1988இல் தூத்துக்குடியில் கடல் அட்டைக் குஞ்சுகளைச் செயற்கை முறையில் பொரிக்கச் செய்து சாதனை புரிந்தனர்.

கடல் அட்டையை நாம் உண்பதில்லை. எனினும், நம் சமுதாயத்தவர் உள்ளிட்ட கடலோர வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக அதை வேகவைத்து, மணலில் புதைத்து, உலர்த்தி, சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் அனுப்பிவந்தனர். அளவின்றிப் பிடித்ததால் இனமே அருகியது. 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைப் பிடிப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. ஆனாலும் கடத்தல் இன்னும் ஓயவில்லை. நம் கரையில் அதன் உடலை எடைபோட்டு விற்றோம். வேறொரு நாட்டில் அதன் தோலைப் படித்துப் புதுப்பொருள் செய்தனர். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவது நல்லது.

இந்தத் தூரத்தை நம் வட்டாரத்தின் வரலாறும் அறியும். கிருஷ்ணகிரிக் கோட்டையை உள்ளடக்கிய பாராமகால் சீமை, 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் ராக்கெட்டுகளைப் பற்றி நாம் பெருமையுடன் பேசுகிறோம். 1799க்குப் பின் அவற்றைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றவர்கள் பிரித்து ஆராய்ந்து, அளந்து, மேம்படுத்தி, காங்கிரீவ் ராக்கெட் என்று தங்கள் பெயரிலேயே வழங்கச் செய்தனர். பொருள் யாரிடம் பிறந்தது என்பதைவிட, அதைத் தொடர்ந்து படித்தவர் யார் என்பதே பின்னாளில் கணக்கில் நிற்கிறது.

மார்க்கத்தில் இது கூடுமா?

பிள்ளைகளின் கேள்விக்கு இனி வருவோம். செயற்கை உறுப்பு என்பது நம் மார்க்க நூல்களுக்குப் புதிய செய்தி அன்று. அர்ஃபஜா (ரலி) என்னும் நபித்தோழர், அறியாமைக் காலத்தில் நிகழ்ந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து அணிந்தார். அது துர்நாற்றம் வீசத் தொடங்கியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளுமாறு அவருக்குக் கூறினார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும், சிதைந்த உடலைச் சீர்செய்யும் தேவைக்காக அந்த அனுமதி அளிக்கப்பட்டது. எந்தப் பொருள் உடலோடு ஒத்துப்போகும், எது ஒத்துப்போகாது என்ற ஆய்வும் அந்த நிகழ்வுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

படைப்பை மாற்றுவதைக் கண்டிக்கும் வசனங்களை அறிஞர்கள் விளக்கும்போது, வீண் பகட்டுக்காகவும் ஏமாற்றுவதற்காகவும் செய்யும் மாற்றத்தையும், குறையைப் போக்கவும் நோயைத் தீர்க்கவும் செய்யும் சிகிச்சையையும் பிரித்தே பார்க்கின்றனர். செயற்கைக் கை அணிந்தவர் உளூச் செய்வது எப்படி என்று கேட்போருக்கும் ஃபிக்ஹில் விடை உண்டு. கழுவவேண்டிய பகுதியில் உடலோடு எஞ்சியிருப்பதைக் கழுவவேண்டும். இழந்துவிட்ட உறுப்புக்குக் கழுவும் கடமை இல்லை. பொருத்திய கருவி உடலாகாது.

மறைத்தல் பற்றியும் சொல்லவேண்டும். கணவாய் தன் உயிரைக் காக்கவே உருமாறுகிறது; அதில் குற்றம் ஏதுமில்லை. தற்காப்புப் போரில் தந்திரத்தை மார்க்கமும் மறுக்கவில்லை. ஆனால் சந்தையில் நடந்த ஒரு நிகழ்வு நமக்கு நன்கு அறிமுகமானது. தானியக் குவியல் ஒன்றின் மேற்பகுதி உலர்ந்திருந்தது. நபி (ஸல்) அவர்கள் உள்ளே கை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மேல்தோற்றத்தால் வாங்குவோரை ஏமாற்றுவதை அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். அந்தச் சந்தையில் உண்மையைச் சொன்னவை தொட்டறிந்த விரல்களே. உருமாறும் தோலைச் செய்யும் அறிவும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் பயன்படும்: மறைக்கவோ, தொட்டறியவோ. எனவே 'கூடுமா' என்ற கேள்விக்கு விடை 'எதற்காக' என்ற கேள்வியில் இருக்கிறது.

எதற்காகச் செய்கின்றனர்?

2017ஆம் ஆண்டின் கார்னெல் ஆய்வுக்கு நிதியுதவி செய்தது அமெரிக்கத் தரைப்படையின் ஆராய்ச்சி அலுவலகம். நம் நாட்டிலும் மறைந்துகொள்ளும் பொருள்களில் ஆர்வம் பெருகியுள்ளது. கான்பூர் ஐஐடி 2024 நவம்பரில் அறிமுகம் செய்த 'அனாலக்ஷ்யா' என்னும் மறைப்பு அமைப்பு, ராடாரின் பார்வையிலிருந்து பொருள்களை மறைப்பதற்கானது. அரசுகள் தம் பாதுகாப்பைக் கருதிச் செய்பவை இவை. ஆனால் இந்த அறிவு படைமுகாமோடு நின்றுவிடவில்லை. ஆலைகளை நோக்கியும் வந்துகொண்டிருக்கிறது.

ஃபெஸ்டோ என்னும் ஜெர்மானிய நிறுவனம், சீனாவின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2017இல் பேய்க்கணவாயின் கரத்தைப் போன்ற ஒரு பிடிகருவியைக் காட்டியது. சிலிக்கோனால் ஆன அந்தக் கரம், காற்றுச் செலுத்தியதும் வளைந்து பொருளைச் சுற்றிக்கொள்கிறது. உறிஞ்சு குழிகள் நழுவாமல் பிடிக்கின்றன. 2022இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தினர் இதே உயிரைப் பார்த்து ஒரு கையுறை செய்தனர். நீருக்கடியில் வழுக்கும் பொருள்களையும் அதை அணிந்தவர் நசுக்காமல் பிடிக்கலாம். விரல் நுனிகளில் உள்ள உணரிகள் பொருள் நெருங்குவதை அறிந்து பிடிமானத்தைத் தாமே இயக்குகின்றன.

இவற்றை நம் வட்டாரத்தின் கண்கொண்டு பாருங்கள். 1970களில் சிப்காட் வந்தது முதல் மோட்டார் சைக்கிள், லாரி, கைக்கடிகாரம் எனத் தொடங்கி, இன்று மின்சார ஸ்கூட்டர், கைபேசி உறைகள் வரை இங்கே உருவாகின்றன. இத்தனை இயந்திரங்களுக்கு நடுவிலும் சில வேலைகளுக்கு மனித விரல்கள் தேவைப்படுகின்றன. மெல்லிய கம்பியை வளைத்துச் செருகுவது, கீறல் விழாமல் எடுத்து வைப்பது, ஓசூரின் ரோஜாவைக் காம்பு ஒடியாமல் கட்டுவது, கிருஷ்ணகிரியின் மாங்கனியைக் கன்றாமல் தரம் பிரிப்பது ஆகியவற்றை இரும்புக் கையிடம் எளிதில் ஒப்படைக்க முடியவில்லை. எவ்வளவு அழுத்தினால் போதும் என்பது இரும்புக்குத் தெரியாது. அதனால்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஆலைப் பேருந்துகளில் ஏறுகின்றனர்.

மென்மையான தோலும் தொடுவுணர்வும் இயந்திரக் கைக்குக் கிடைக்கும் நாளில் இந்த வேலைகள் யாரிடம் இருக்கும்? அந்தக் கைகளை வடிவமைப்பவர், வார்ப்பவர், பழுது பார்ப்பவர் ஆகியோரின் வரிசையில் நம் பிள்ளைகள் நிற்பார்களா, அல்லது அவை வந்ததால் வெளியேறுவோரின் வரிசையில் நிற்பார்களா? 'வேதத்தில் முன்பே உள்ளது' என்ற பெருமிதமும், 'இறுதிக்காலக் குழப்பம்' என்ற அச்சமும் இந்த வினாவுக்கு விடை தருவதில்லை.

வேலூரில் ஒரு பாடம்

தோல் நோவை உணரும் என்பதற்கு, நரகவாசிகளின் தோல்கள் கருகும்போதெல்லாம் புதிய தோல்கள் மாற்றப்படும் என்ற இறைவசனத்தை நம் மேடைகளில் எடுத்துரைப்பது வழக்கம். அவ்வசனத்தை ஓதுவோர் நம் நெடுஞ்சாலையிலேயே கிழக்கே பயணம் செய்து, வேலூரில் நிகழ்ந்த ஒன்றையும் அறிந்துகொள்ளவேண்டும்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் கிறித்தவ மருத்துவர், 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்களை நோயே தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பிய காலம் அது. அவர்கள் அன்றாடம் செய்யும் வேலைகளைக் கூர்ந்து கவனித்த அவர், வேறொன்றைக் கண்டார். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரிவதில்லை. சுடுபாத்திரத்தைப் பிடித்தாலும், ஆணி குத்தினாலும் கை விலகுவதில்லை. காயம் புண்ணாகி, புண் முற்றி விரல் தேய்கிறது. வலி உணரும் தோல் காவலாளியாக நின்று உடலைக் காக்கிறது. இந்த அறிவு எண்ணற்ற கைகளைக் காப்பாற்றியது. வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையமும் எழுந்தது.

பின்னர் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், வலியைச் செயற்கையாக உண்டாக்க முயன்றார். கையுறைகளில் அழுத்தத்தை உணரும் கருவிகளைப் பொருத்தி, ஆபத்து நேர்கையில் ஒலி எழுப்பச் செய்தார். விளக்கு எரியச் செய்தார். இறுதியில் மின்னதிர்வும் கொடுத்தார். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்வு இருந்தபோது, கையிலுள்ள வேலை முடியும்வரை கருவியை அணைத்துவிட்டனர். முயற்சி கைவிடப்பட்டது. நம்மீது போர்த்தப்பட்டிருக்கும் தோல் எத்தகைய அருட்கொடை என்பதற்கு இந்தத் தோல்வியைவிடத் தெளிவான விரிவுரை வேறில்லை. வசனத்தை ஓதும் நாவுக்கு நன்மை உண்டு. அந்நோயாளிகளின் அருகில் அமர்ந்து அவர்களின் விரல்களைக் கவனித்தவரின் உழைப்பும் நமக்குப் பாடமாக வேண்டும்.

இந்தப் பாடம் நம் ஆலைகளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பவர் பிரஸ்ஸில் விரல் இழந்த சகோதரர்கள் நம் ஜமாஅத்துகளில் உள்ளனர். இரு கைகளாலும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மட்டுமே பிரஸ் இறங்கும் ஏற்பாடு, கைகளை ஆபத்துக்கு வெளியே நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. உற்பத்தி எண்ணிக்கையை எட்டும் அவசரத்தில் ஒரு பொத்தானைக் கட்டிவைத்துவிட்டு ஒரு கையால் இயக்குவது, வலிக்கருவியை அணைத்துவிட்ட அந்நோயாளிகளின் செயலையே ஒத்தது. உடல் அல்லாஹ்வின் அமானிதம். 'தவக்குல்' என்ற பெயரால் பாதுகாப்பைக் கழற்றிவைக்க எவருக்கும் அனுமதி இல்லை. தொழிலாளியைக் கழற்றச் சொல்லும் மேற்பார்வையாளருக்கும் இல்லை.

போர்க்கருவியிலிருந்து ஊன்றுகோலுக்கு

படைக்கெனப் பிறந்த அறிவை மக்களின் நலனுக்குத் திருப்ப இயலுமா? இயலும் என்பதற்கு மண்டபத்துக்கு எதிர்க்கரையில் பிறந்த ஒருவரே சான்று. இராமேசுவரத்தின் டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்கள், ஐதராபாத்தில் ஏவுகணைத் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தில் போலியோ பாதித்த குழந்தைகளைக் கண்டார். மூன்று கிலோவுக்கும் அதிக எடையுள்ள உலோகத் தாங்கிகளை அணிந்து அவர்கள் கால்களை இழுத்து நடந்தனர். ஏவுகணைக்கென உருவான இலேசான கூட்டுப்பொருளைக்கொண்டு சுமார் 300 கிராம் எடையில் புதிய தாங்கிகள் செய்யப்பட்டன. குழந்தைகள் எளிதாக நடந்தனர். தம் வாழ்வில் பேருவகை தந்த சாதனைகளுள் ஒன்றாக இதை அவர் பல மேடைகளில் குறிப்பிட்டார்.

பொருள் ஒன்றே; நிய்யத் மாறியபோது பயன் மாறியது. ஆனால் நிய்யத் மட்டும் இருந்திருந்தால் அக்குழந்தைகளின் கால்களில் பாரம் குறைந்திருக்காது. அந்தப் பொருளின் இயல்பைக் கற்றறிந்தவர்களிடம் அந்த நிய்யத் இருந்தது. சென்னை ஐஐடியினர் 2022இல் அறிமுகம் செய்த 'கதம்' என்னும் செயற்கை முழங்காலும் இத்தகைய கல்வியின் விளைச்சலே. உருமாறும் தோல் நாளை செயற்கைக் கைக்கு நல்ல பிடிமானத்தைத் தரக்கூடும்; படுக்கையில் கிடப்போரின் உடலில் அழுத்தம் ஓரிடத்திலேயே தங்காமல் மாற்றித்தரும் விரிப்பாகக்கூடும். அதை அந்தத் திசையில் திருப்புவதற்குக் கற்றவர்கள் வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், மருத்துவத்தையும் கணிதத்தையும், வேளாண்மை, நெசவு போன்ற அடிப்படைத் தொழில்களையும் ஃபர்ளு கிஃபாயா என்னும் சமுதாயக் கடமையில் சேர்த்துள்ளார்கள். ஊரில் ஒருவரும் கற்காவிட்டால் அக்கடமை ஊராரின் தலைமேல் நிற்கும். தம் காலத்தில் ஃபிக்ஹ் கற்போர் பெருகி, மருத்துவம் கற்போர் அருகியதைக் குறித்து அவர்கள் வருந்தவும் செய்தார்கள். மதரஸாவில் பாடம் நடத்தும் நாம் இதை நினைவூட்டுவது பொருத்தமானதே.

பெற்றோரிடம் சில வேண்டுகோள்கள்

முதலாவது, பிள்ளையின் கேள்வியை உடனே தீர்ப்புக் கூறி முடித்துவிடாதீர்கள். படைப்பைப் பற்றிய வசனங்களை ஓதும் நாளில், அப்படைப்பில் ஒன்றைக் கூர்ந்து பார்த்துவரச் சொல்லுங்கள். சந்தையில் வாங்கிவரும் கணவாயைச் சமைப்பதற்கு முன் அதன் தோலிலுள்ள புள்ளிகளைக் காட்டுங்கள். சுருங்கிய நிறப்பைகள் அவை.

இரண்டாவது, பதினெட்டு வயதில் கைக்கு வரும் சம்பளத்தைப் பார்த்துப் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் சென்னை கிண்டியிலுள்ள சிப்பெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்திலும் அச்சு வடிவமைப்பிலும் டிப்ளமோ படிப்புகள் உள்ளன. நம் மாவட்டத்திலேயே பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கெனத் தனித்துறையே உண்டு. சிலிக்கோன் தோலின் அரிச்சுவடி இத்தகைய வகுப்பறைகளில்தான் கற்பிக்கப்படுகிறது.

மூன்றாவது, பெண்பிள்ளைகளின் கல்வி. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்கு, உயர்கல்வி முடியும்வரை மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் தொடங்கியது. நுண்வேலையில் நம் பெண்பிள்ளைகளின் விரல்களுக்கு இருக்கும் தேர்ச்சியை ஆலைகள் அறிந்திருக்கின்றன. எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதை இயந்திரத்துக்குக் கற்பிக்க அந்த விரல்களைவிடத் தகுதியானவை எவை? அவர்களைத் தொழிலாளியாக ஏற்கும் நாம் பொறியாளராகவும் காண விரும்பவேண்டும்.

நான்காவது, மொழி. நம் எல்லைப்புறப் பிள்ளைகள் வீட்டில் உர்தூ, பள்ளியில் தமிழ், தெருவில் கன்னடமும் தெலுங்கும் எனப் பேசி வளர்கின்றனர். இதைக் குழப்பமாகக் கருதிக் குறைகூறுவோர் உள்ளனர். இது பலமே. நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரின் ஆய்வு நிறுவனங்களின் வாசலில் தயங்காமல் நிற்க இந்தப் பழக்கம் உதவும்.

ஐந்தாவது, ஜமாஅத்துகளின் பொறுப்பு. ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பத்து மாணவர்களின் தொழிற்கல்விக்கும், விரலோ கையோ இழந்து அந்நிலையிலுள்ள சகோதரர்களின் செயற்கை உறுப்புக்கும் உதவுவதை ஆண்டுக் கணக்கில் ஓர் இனமாகச் சேர்க்கலாம். ஜும்ஆ மேடையில் மாதம் ஒருமுறையேனும் ஆலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசலாம்.

மறுமை நாளில் மனிதனின் தோல்களே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று திருக்குர்ஆனின் 41ஆவது அத்தியாயம் எச்சரிக்கிறது. வெளித்தோற்றத்தை எத்தனை விதமாக மாற்றினாலும், நம் கைகள் எதைத் தொட்டன, எதைச் செய்தன என்பதை அன்று மறைக்க இயலாது. நம் பிள்ளைகளின் கைகள் பிறருக்குப் பயன்பட்ட கைகளாக அன்று சாட்சி பெறவேண்டும். அதற்கான கல்வியை இன்றே அவர்களுக்கு வழங்குவோமாக! வல்ல ரஹ்மான் அதற்கு அருள்புரிவானாக! ஆமீன்.